ஒரு கரண்டி பச்சைப் பால்

மார்ச் 24, திங்கள்

பால் கேனின் மூடி இன்று கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. நான் எப்போதும் கழுவி மல்லாத்தித்தான் வைப்பேன். அம்மாவும் அப்படித்தான்.

யார் மாற்றியது என்று கேட்கவில்லை. வீட்டில் புதிதாக இருப்பது ஒரே ஆள். தை மாதம் அண்ணன் பூபதிக்குக் கல்யாணமாகி மோகனப்ரியா வந்தாள். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கையா என்று சொல்வோம். நேரில் வாங்க, போங்க என்றுதான் பேசுகிறேன். இதை யாரும் படிக்கப் போவதில்லை. அதனால் அவள் என்றே எழுதுகிறேன்.

மூடியைத் திரும்ப மல்லாத்தினேன். சாயங்காலம் பார்த்தால் மறுபடி கவிழ்ந்திருந்தது.

மார்ச் 26, புதன்

நங்கையா மாடு கட்டும் கட்டுத்தரைக்கு வந்து, தனக்கும் பால் கறக்கச் சொல்லிக்கொடு என்றாள்.

"எந்த மாடு சாது, அம்மிணி?" என்னை அப்படித்தான் கூப்பிடுவாள்.

சுட்டியைக் காட்டினேன். நெற்றியில் வெள்ளை விழுந்த மாடு. பார்க்க அழகாக இருக்கும். புதுக் கை பட்டால் அதற்குப் பிடிக்காது. அதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

வாளி ஒரு பக்கம், நங்கையா ஒரு பக்கம். சாணியில் உட்கார்ந்தபடியே சிரித்தாள். அம்மா ஓடி வந்து குனிந்து கைதூக்கி விட்டாள். அம்மாவுக்கு இடுப்பு எலும்பு தேய்ந்து, குனியவே கூடாது என்று டாக்டர் சொல்லி மூன்று வருடம் ஆகிறது. அதனால்தான் நான் ஒன்பதாவதோடு நின்றேன். எனக்காக அம்மா குனிந்ததாக ஞாபகம் இல்லை.

சுட்டிக்கு இன்று ஒரு கை புண்ணாக்கு கூடுதலாக வைத்தேன். இளைத்தாற்போல் இருக்கிறது.

மார்ச் 30, ஞாயிறு

சாப்பிடும்போது அண்ணன் ஒரு விஷயம் சொன்னான். கோயம்புத்தூரில் ஒரு பட்டறைக்காரர் சின்னதாகப் பால் மிஷின் செய்கிறாராம். நங்கையா பால்வளம் டிப்ளமோ படித்தபோது அங்கே போய்ப் பார்த்திருக்கிறாள். அதை நம் வீட்டில் வைக்கலாம் என்பது அவள் யோசனை.

"பால் காய்ச்சறதுக்கு மிஷினா? எங்கூட்டு அடுப்பு என்ன செத்தா போச்சு?" என்றாள் அம்மா.

"காய்ச்சறதில்லீங்க அத்தை. பொங்கவே உடக்கூடாது. அறுபத்து மூணு டிகிரில அரை மணி நேரம் நிறுத்தோணும். அப்பறம் சட்டுனு குளுர வைக்கோணும். கிருமி செத்துரும், ருசி போகாது. இந்த வெயிலுக்கு வெடியால ஊத்தற பாலு மத்தியானமே திரியுதுன்னு லைன்ல சொல்றாங்கல்ல, அது இருக்காது."

லைனில் என்ன சொல்கிறார்கள் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? லைன் போவது நான். விடியற்காலையில் கேனை டிவிஎஸ்ஸில் கட்டிக்கொண்டு வெள்ளகோவிலுக்குப் போய் வீடு வீடாக ஊற்றிவிட்டு வருவது என் வேலை.

அம்மா நங்கையா தட்டில் குழம்பு ஊற்றினாள். பிறகு, "நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும் சாமி" என்றாள்.

ஆட்டுக்குட்டிக்குக்கூட அம்மா சாமி என்பாள். என்னை மட்டும் ஏய் கோகிலா.

ஏப்ரல் 3, வியாழன்

மிஷின் வந்துவிட்டது.

நான் பெரிதாக எதிர்பார்த்தேன். நான்கு கால் வைத்த எவர்சில்வர் அண்டா, அவ்வளவுதான். சுவர் இரட்டையாக இருக்கிறது. இரண்டு சுவருக்கும் நடுவில் வெந்நீர், உள்ளே பால். மேலே பாலைக் கலக்குவதற்கு ஒரு துடுப்பு, அதைச் சுற்ற மோட்டார். பக்கத்தில் வெப்பம் காட்டும் வட்டம். பட்டறைக்காரர் பெயர் ஞானசேகரன். அம்மா காபி கொடுத்ததும் அவருக்குப் பேச்சு வந்துவிட்டது.

"பெரிய டைரி மிஷினெல்லாம் நம்ம ஊட்டு நிலைவாசலுக்குள்ள நுழையாதுங்க. விலை கேட்டா மயக்கம் வந்துரும். இது நாலு மாடு, எட்டு மாடு வச்சிருக்கறவங்களுக்குன்னே அடிச்சது. ஒரு மாசம் வச்சுப் பாருங்க. புடிக்கலீன்னா ஒரு போன் போடுங்க, நானே வந்து தூக்கிட்டுப் போயிர்றேன்."

அண்ணன் அப்போதே கறாராகச் சொல்லிவிட்டான். "நம்ம லைன் ஊடுக நல்லாருக்குதுன்னு சொன்னா வச்சுக்கலாம். ஒரு குறை வந்தாலும் வேண்டாம்."

என்னைப் பார்த்து, "இது நின்னுதுன்னா டவுன்ல கடைகளுக்கே பாக்கெட் போட்டு வேன்ல அனுப்பிச்சர்லாம். உனக்கும் லைன் தொல்லை உட்டுது. ஊட்லயே இருக்கலாம்" என்றான்.

நல்லதுதான் என்றேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

இரண்டாவது முறையாக இந்தத் தேதிக்கு எழுதுகிறேன். முதலில் எழுதியதை அடித்துவிட்டேன்.

சாயங்காலப் பாலை மிஷினில் ஊற்றி, ஆற்றி, அண்ணன் எங்கேயோ வாங்கி வந்த பழைய ஐஸ்கிரீம் பெட்டிக்குள் கடை ஐஸ் போட்டு ராத்திரி வைத்து, காலையில் லைனுக்கு எடுப்பது என்று ஏற்பாடு. கேனுக்கு அடியில் குழாய் வைத்திருக்கிறார்கள். திறந்தால் பால் விழும். உள்ளே கரண்டி விடக் கூடாதாம்.

நான் சும்மா கரண்டியைக் கொண்டுபோனேன். நங்கையா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"வேண்டாம் அம்மிணி. அது பச்சைப் பால்ல போட்டது. ஒரு சொட்டு பட்டாலும் அத்தனையும் வீணாப் போயிரும்."

நான் கழுவிய கரண்டி அது. சாம்பல் போட்டுத் தேய்த்து வெயிலில் காயவைத்தது.

ஏப்ரல் 5, சனி

இன்று லைனுக்கு அவளும் வந்தாள். எல்லா வீட்டிலும் புதுப் பாலைப் பற்றிச் சொல்ல வேண்டுமாம். பின்னால் உட்கார்ந்து என் தோளில் கை வைத்துக்கொண்டாள்.

நான் ஹாரன் அடிப்பேன். பாத்திரம் வரும். ஊற்றுவேன், மேலே கொஞ்சம் கொசுறு விடுவேன், அடுத்த வீடு. யாரிடமும் பேச வேண்டியதில்லை என்பதுதான் லைனில் நல்ல விஷயம்.

இவள் ஒவ்வொரு வாசலிலும் இறங்கிப் பேசினாள். "இத ஒடனே காய்ச்சோணும்னு அவசரமில்லீங்க. பொழுதோட காப்பிக்கும் அப்பிடியே இருக்கும். பிரிட்ஜ் இருந்தா ரெண்டு நாளைக்கும் கெடாது." கேட்டவர்கள் தலையாட்டினார்கள். அதோடு விட்டார்களா? போஸ்ட் மாஸ்டர் வீட்டு அம்மா மகள் நர்ஸ் படிப்பதைச் சொன்னார். முக்கு வீட்டில் மாமியார் காலில் வந்த புண்ணைத் தூக்கிக் காட்டினார். தையல் கடை ருக்குமணி அக்கா, "உக்காருங்க, டீ வைக்கறேன்" என்றார்.

மூன்று வருடமாக நான் பால் ஊற்றும் வாசல்கள். வண்டியை அணைக்காமல் ரோட்டிலேயே நின்றேன்.

ருக்குமணி அக்கா என்னைக் கைகாட்டி, "இந்தப் புள்ளைக்குப் பேச்சு வருமான்னே எங்களுக்குச் சந்தேகம்ங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நங்கையா சிரிக்கவில்லை. அதுவும் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

வெயில். சுட்டிக்கு இரண்டு தடவை தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டினேன். சோளத்தட்டு தீரப்போகிறது.

லைனில் யாரும் குறை சொல்லவில்லை.

ஏப்ரல் 9, புதன்

குறை வந்தது.

ருக்குமணி அக்கா குண்டாவில் பாலை வாங்கி மோந்து பார்த்தார். "ஏங்கண்ணு, பால்ல மாட்டு வாசமே இல்லியே. பாக்கெட் பாலாட்ட இருக்குது. கொசுறும் நின்னு போச்சு. குழாயத் தொறந்து மூடிட்டுப் போயிட்டே இருக்கற. மிஷின் வந்ததும் மனசும் மிஷினாப் போச்சா?"

வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். வாசம் இல்லை என்றுதானே சொன்னார். என் பாலில் வாசம் இருந்தது என்றுதானே அதற்கு அர்த்தம்.

வீட்டில் சொல்லவில்லை. அண்ணன் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

ஏப்ரல் 10, வியாழன்

காலையில் கறந்ததில் கொஞ்சம் சின்னத் தூக்குப்போசியில் எடுத்துக்கொண்டேன். ருக்குமணி அக்கா குண்டாவில் குழாய்ப் பாலை விட்டு, மேலே போசியிலிருந்து கறந்த சூட்டோடு ஒரு கரண்டி விட்டேன்.

மோந்து பார்த்து, "இதான் பாலு" என்றார்.

முக்கு வீட்டிலும் கேட்டார்கள். கேட்காத வீட்டுக்கும் ஊற்றினேன். ஒருவருக்குக் கொடுத்து ஒருவருக்குக் கொடுக்காமல் இருக்க முடியாது.

ஏப்ரல் 12, சனி

சாயங்காலக் காபிக்கு அடுப்பில் வைத்ததும் பால் திரிந்துவிட்டதாம். மூன்று வீட்டில் சொன்னார்கள். "உங்க நங்கையா கெடாதுன்னு சொன்னாங்களே" என்று போஸ்ட் மாஸ்டர் வீட்டு அம்மா இரண்டு தடவை கேட்டார்.

இதை வீட்டில் சொன்னேன். குறை வந்தால் சொல்ல வேண்டும் என்று அண்ணன்தான் சொல்லியிருக்கிறான்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரைக் கனி. அம்மா நங்கையாவுக்குச் சேலை எடுத்திருந்தாள், எனக்குச் சுடிதார். சேலை மயில் நீலம்.

அவள் அதைக் கட்டாமல், பழைய நைட்டியோடு மிஷினைக் கழற்றிக் கழுவிக்கொண்டிருந்தாள். இன்றும் நான்கு வீட்டில் பால் திரிந்திருந்தது.

ஏப்ரல் 16, புதன்

மிஷினை நான் பார்ப்பதில்லை. கட்டுத்தரையில் இருந்தால் தானாகத் தெரிகிறது, அதற்கு நான் என்ன செய்வது. முதலில் வெளிச்சுவரில் தண்ணீர் நிரப்ப வேண்டும். வெள்ளைத் துணியில் வடிகட்டிப் பால். பச்சை சுவிட்ச் ஹீட்டர், கறுப்பு சுவிட்ச் துடுப்பு. முதலில் துடுப்பைப் போட்டுவிட்டுத்தான் ஹீட்டரைப் போட வேண்டும், இல்லாவிட்டால் அடியில் பிடிக்கும். முள் அறுபத்து மூன்றைத் தொட்டதும் மணி பார்க்க வேண்டும். அரை மணி கழித்து வெந்நீரைத் திறந்துவிட்டு ஐஸ் தண்ணீர்.

இன்று வெந்நீரைத் திறந்துவிடும்போது நங்கையாவின் முழங்கையில் கொட்டிவிட்டது. கத்தவில்லை. குழாயடியில் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்திருப்பாள்.

தோல் சிவந்திருந்தது. வீட்டில் கற்றாழை இருக்கிறது. அம்மாவுக்கு அது தெரியும்.

ஏப்ரல் 17, வியாழன்

இன்றும் மூன்று வீடு.

ஏப்ரல் 19, சனி

அண்ணனும் நங்கையாவும் கட்டுத்தரை ஓரம் பேசினார்கள். நான் சாணி அள்ளிக்கொண்டிருந்தேன். நான் இருப்பது அவர்களுக்குத் தெரியும். நான் இருப்பதால் யாரும் பேச்சை நிறுத்துவதில்லை.

"மோகனா, போதும். ஊர்ல கேக்கறாங்க. நாளைக்கு எவனும் நம்ம பாலையே வாங்காம போயிருவான்."

"இங்க எடுத்து வச்ச பாட்டில் ரெண்டு நாளாச்சுங்க, கெடவே இல்ல. நீங்களே பாத்தீங்கல்ல. அதே பாலுதான அங்க போவுது? நடுவுல என்னமோ ஆவுது. அதக் கண்டுபுடிக்க உடுங்க."

"கண்டுபுடிச்சு?"

"இது நின்னுதுன்னா நான் இந்த ஊட்ல ஒரு வேலை தெரிஞ்ச ஆளு. இல்லீன்னா நான் யாரு? அத்தை சமைக்கறாங்க, கோகிலா மாடு பாக்கறா, நீங்க காடு பாக்கறீங்க. நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"அம்மிணி, திங்கக்கெழம நானும் லைனுக்கு வர்றேன்."

கோகிலா மாடு பார்க்கிறாள் என்று சொன்னாள். அதை இந்த வீட்டில் வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. இருந்தாலும் அவள் அதைத் தன் வசதிக்காகத்தான் சொன்னாள்.

ஏப்ரல் 21, திங்கள்

போசியை எடுக்கவில்லை.

பின்னால் உட்கார்ந்து தோளில் கை வைத்துக்கொண்டாள். கேனின் மூடியை, குழாயை, கயிற்றை எல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு வீட்டிலும் வாங்கும் பாத்திரத்தை எட்டிப் பார்த்தாள். முதல் சில வீடுகளில் ஒன்றுமில்லை. எனக்குக் கை வேர்த்து ஆக்ஸிலேட்டர் வழுக்கியது.

தையல் கடை. ருக்குமணி அக்கா குண்டாவை நீட்டியவர், அதைப் பின்னுக்கு இழுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

"எங்க கண்ணு, அந்தச் சின்னப் போசி? இன்னிக்குக் கொசுறு இல்லியா?"

"எந்தப் போசிங்க்கா?" என்றாள் நங்கையா.

"அதாங்க, மேல ஒரு கரண்டி பச்சைப் பாலு ஊத்துமே, கறந்த சூட்டோட. எல்லா ஊட்டுக்கும் ஊத்துதே. உங்க பாலுக்கு வாசமே அதுலதான் வருது. உங்க நாத்தனாரு வாயத் தொறக்காது, ஆனாக் கை தாராளம்."

நான் ஹாண்டில்பாரில் ஒட்டியிருந்த பொட்டு ஒன்றைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். நங்கையா கேன் குழாயை இறுக்கி மூடினாள். பிறகு, "இன்னிக்கு எடுத்துட்டு வர மறந்துட்டோம்க்கா" என்றாள்.

மீதி வீடுகளுக்கும் போனோம். அவள் என் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை. எடுத்திருக்கலாம்.

வீட்டு வாசலிலேயே அண்ணன் நின்றிருந்தான். "என்ன, கண்டுபுடிச்சயா?"

"என்ற தப்புதானுங்க. கேன் குழாய உள்ள சரியாக் கழுவல. பழைய பாலு தங்கியிருக்குது."

"இத்தன நாளா?"

"ஆமாங்க."

"அதையே பாத்துக்கத் தெரியலீன்னா இந்த மிஷின் நமக்கு எதுக்கு? படிச்சுப்போட்டு வந்து இதானா?" என்றான் அண்ணன். அம்மா வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்குச் சாமி என்று கூப்பிட்டவள், திரும்பி உள்ளே போனாள். அண்ணன் அங்கேயே நின்று பட்டறைக்காரருக்குப் போன் போட்டான். நாளை மறுநாள் சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்கிறாராம்.

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். அண்ணனிடம் சொல்லியிருக்கலாம். இரண்டும் செய்யாமல் நல்லவளாகிவிட்டாள். அதிலும் அவளே முந்திக்கொண்டாள்.

ஏப்ரல் 22, செவ்வாய்

மிஷின் நின்றிருந்தது. பழையபடி பச்சைப் பாலை லைனுக்குக் கொண்டுபோனேன். எல்லோருக்கும் கொசுறு ஊற்றினேன். எல்லோருக்கும் சந்தோஷம்.

மத்தியானம் நங்கையா கட்டுத்தரைக்கு வந்து தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்தாள். நான் சோளத்தட்டு நறுக்கிக்கொண்டிருந்தேன். அவள் பேசுவாள் என்று காத்திருந்து, முடியாமல் நானே கேட்டேன்.

"ஏனுங் நங்கையா, அண்ணங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா அவரு உன்னை லைனுக்கு உட மாட்டாரு."

"உடாட்டிப் போறாரு."

"நீ வண்டியில பாட்டுப் பாடிட்டே போவியாமா? ருக்குமணியக்கா அன்னிக்கு டீ குடிக்கறப்ப சொன்னாங்க. ஊட்ல நீ பாடி நான் கேட்டதே இல்லியே."

நான் பாடுவதில்லை. வண்டிச் சத்தத்தில் அவருக்கு அப்படிக் கேட்டிருக்கும்.

அவள் முழங்கையில் கொப்புளம் உடைந்து கறுத்திருந்தது. அதைத் தடவிக்கொண்டே, "கொசுறுன்னு ஒண்ணு இருக்கறதே எனக்குத் தோணல, பாரு. எந்தப் புஸ்தகத்துலயும் அது இல்ல. மிஷின் பால்லயே கொஞ்சம் சேத்தி ஊத்தியிருந்தா முடிஞ்சிருக்கும். உன்னைக் கேட்டிருக்கோணும்" என்றாள்.

"கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேனுங்க."

"தெரியும்" என்றாள். சிரித்தாள் என்று நினைக்கிறேன். நான் தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து போகும்போது சுட்டிக்கு எட்டாத தூரத்தில் சுற்றிக்கொண்டு போனாள்.

எனக்கு இன்னும் அவளைப் பிடிக்கவில்லை. இதை எழுதி வைக்கிறேன், நாளைக்கு மாற்றி நினைத்துவிடக் கூடாது.

ஏப்ரல் 23, புதன்

சாயங்காலம் வழக்கத்தைவிட முன்னதாகவே கறந்தேன். மாடுகளுக்குப் பிடிக்கவில்லை. சுட்டி வாலால் முகத்தில் அடித்தது.

நங்கையா உள்ளே படுத்திருந்தாள். அம்மா மிஷினைச் சுற்றிப் பழைய சாக்கு விரித்து, தூக்கும்போது சுவர் உரசாமல் இருக்க ஏற்பாடு செய்துவிட்டு, பூப்பறிக்கப் போயிருந்தாள். அண்ணன் ரோட்டு முக்கில் பட்டறைக்காரர் வண்டிக்காக நின்றிருந்தான்.

சாக்கை எடுத்து ஓரமாகப் போட்டேன். வெளிச்சுவரில் தண்ணீர் நிரப்பினேன். கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். வெள்ளைத் துணியைக் கட்டி, கறந்த பால் முழுவதையும் உள்ளே வடிகட்டினேன். கறுப்பு சுவிட்ச். பிறகு பச்சை.

வண்டி வந்து நின்றபோது முள் நாற்பதைத் தாண்டியிருந்தது. ஞானசேகரனும் ஒரு டிரைவரும் இறங்கினார்கள். அண்ணன் பின்னாலேயே வந்தான்.

"என்னம்மா, ஓடிட்டிருக்குது?" என்றார் ஞானசேகரன்.

தெரியாத ஆளிடம் கடைசியாக எப்போது பேசினேன் என்று ஞாபகம் இல்லை.

"பாலு உள்ள இருக்குதுங்க. இப்பத் தூக்க முடியாது."

"யாரக் கேட்டுடீ ஊத்துன?" என்றான் அண்ணன்.

அவனிடம் சொல்லத் தொடங்கினால் அழுதுவிடுவேன். பட்டறைக்காரரைப் பார்த்தே சொன்னேன். "அறுபத்து மூணு வரோணும்ங்க. அதுக்கப்பறம் அரை மணி நேரம். அப்பறம் குளுர வைக்கோணும். நடுவுல நிறுத்துனா அத்தனை பாலும் வீணாப் போயிரும்."

அவர் குனிந்து வட்டத்தைப் பார்த்தார். துடுப்புச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார். "சரியாத்தான் ஓடுது. அப்ப நாங்க?"

"நாளைக்கு இந்தப் பாலத்தான் லைனுக்குக் கொண்டு போறேன். வேற எதுவும் கொண்டு போக மாட்டேன். அது கெட்டுதுன்னா வந்து தூக்கிக்கங்க."

சத்தம் கேட்டு நங்கையா கதவருகில் வந்து நின்றாள். தலை கலைந்திருந்தது. மிஷினைப் பார்த்தாள், என் ஈரக் கையைப் பார்த்தாள். அண்ணன் அவளிடம் ஏதோ கேட்டான். அவள் வந்து முள்ளுக்கு நேராக நின்றுகொண்டாள்.

ஐஸ்கிரீம் பெட்டியைத் திறந்து பார்த்தேன். மிஷின் ஓடாது என்று யாரும் ஐஸ் வாங்கி வைக்கவில்லை.

"பாத்துக்கங்க" என்று நங்கையாவிடம் சொல்லிவிட்டு, ஐஸ் வாங்கி வர டிவிஎஸ்ஸை எடுத்தேன்.